சங்கரலிங்கம் எம்.

முதலில் குடும்பப் பெயர், பிறகு ஓர் இடைவெளி, பிறகு முதலெழுத்து, முதலெழுத்துகளுக்கு நடுவே புள்ளி கூடாது, ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, அரைப்புள்ளிக்குப் பின் இடைவெளி கூடாது, பக்க எண்களுக்கு நடுவே வருவது சின்னக் கோடு அல்ல, அதைவிட ஒரு மயிரிழை நீளமான கோடு. அந்த மயிரிழையைக் கண்டுபிடிக்கப் பொற்கொடி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். குனிந்தால் பிடரி வலித்தது. நாற்பத்தெட்டு வயதில், தூத்துக்குடியில், தலைக்கு மேல் மின்விசிறி உப்புக் காற்றைக் கடகடவென்று அரைத்துக்கொண்டிருக்கிற ஒரு பிற்பகலில், கோடு நீளமா குட்டையா என்று பார்க்கத்தான் நுண்ணுயிரியல் படித்தோமா என்று கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே ஒரு கோட்டை நீட்டினாள். நீட்டித்தான் ஆகவேண்டும். வெளிநாட்டுப் பத்திரிகை அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டு, அச்சுக்கு முந்தைய மெய்ப்பை அனுப்பியிருந்தது. இன்று மாலைக்குள் திருத்தம் போய்ச் சேராவிட்டால் இருப்பது இருக்கிறபடியே அச்சேறிவிடும், அதன்பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது என்பதை மூன்று விதமான மரியாதை வாக்கியங்களில் சொல்லியிருந்தார்கள். இருக்கிறபடியே என்றால், மேற்கோள் பட்டியலின் பதினான்காவது எண்ணில் சங்கரலிங்கம் எம். என்று. மற்ற எல்லா வரிகளையும் முடித்துவிட்டாள். பத்திரிகைப் பெயர்களைக் கைகால் வெட்டிச் சுருக்கியாயிற்று, கிருமிகளின் பெயர்களைச் சாய்த்தாயிற்று, ஆறு பேருக்கு மேல் எழுதிய கட்டுரைகளில் ஏழாவது ஆளிலிருந்து எல்லோரையும் 'மற்றும் பலர்' என்ற குழிக்குள் தள்ளியாயிற்று. ஏழாவது ஆள் எத்தனை ராத்திரி கண்விழித்தாரோ, யார் கண்டது. பதினான்கு மட்டும் நின்றது, தொண்டையில் முள் நிற்கிற மாதிரி. அந்த வரியில் எல்லாம் சரியாக இருந்தது. கோடு நீளமாக இருந்தது. அரைப்புள்ளி ஒட்டியிருந்தது. சங்கரலிங்கம் எம். என்ற ஒரு விஞ்ஞானி மட்டும் பூமியில் கிடையாது.

சங்கரலிங்கம் இருந்தார். திருநெல்வேலியில், வண்ணாரப்பேட்டையில், எண்பது தாண்டி, இரண்டு முழங்காலும் போய், மகள் ஆற்றிக் கொடுக்கிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருக்கிறார். ஒரு தனியார் பஸ் கம்பெனியின் புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நுண்ணுயிர் என்றால் மோரில் இருப்பதும் தெரியாது, சளியில் இருப்பதும் தெரியாது. ஆனால் கட்டுரையை மதிப்பிட்ட இரண்டாவது ஆள், பெயர் சொல்லாத அந்த மகானுபாவர், எழுதியிருந்தார்: சங்கரலிங்கம் தன் காலத்தைவிட முன்னால் நின்ற மனிதர், அவருடைய துணிச்சலை ஆசிரியர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று. துணிச்சல்! பொற்கொடி அதைப் படித்த அன்றைக்குச் சாப்பிட்ட தோசை இன்னும் நெஞ்சில் நிற்கிறது. மழைக்கு இருட்டினாலே குடையில்லாமல் வாசல்படி தாண்டாத மனுஷனுக்குத் துணிச்சல். அந்தக் குடையோடுதானே வந்தார், இறுக்கிச் சுருட்டிக் கயிறு கட்டின குடை, அப்போது அவர்கள் படித்த பாளையங்கோட்டை ஆய்வகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிறவர் மாதிரி மெதுவாக உள்ளே வந்து, மூக்கைச் சுளித்து, வரிசையாக அடுக்கியிருந்த கண்ணாடித் தட்டுகளில் சிவப்புச் சிவப்பாக முளைத்திருந்ததைப் பார்த்து, இது என்ன குங்குமமா என்று கேட்டார். மங்கை சிரித்தாள். மங்கையர்க்கரசி, அவருடைய மூத்த பெண், பொற்கொடிக்குப் பக்கத்து மேஜை. அந்த ஆய்வகத்தில் அந்தச் சிரிப்புத்தான் கடைசி. "சார், பிள்ளைக்கு நாள் குறிச்சாச்சு. இதோட நிப்பாட்டிக்கிடுவோம்" என்றார் பேராசிரியர் தேவசகாயத்திடம். சார் பாவம், எழுந்தே நின்றுவிட்டார். "ஒரு கட்டுரை வரப்போகுதய்யா, வெளிநாட்டுப் பத்திரிகையில. பெரிய விஷயம். கொஞ்சம் பொறுங்க." அதற்கு அவர் சொன்னதுதான், அந்த வாக்கியம்தான், இத்தனை வருஷம் கழித்து, இந்த அரைப்புள்ளிகளுக்கு நடுவே, ஈ மாதிரி வந்து வந்து உட்காருகிறது: "உப்பளத்துல ஆம்பளையாளுக மத்தியில பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நிக்கான்னு ஊர்ல பேசுதான் சார். பிள்ளை என்ன வேணா எழுதட்டும். எம்பேரு கெட்டுறக்கூடாது." கெடவில்லை. ஐயா, உங்கள் பெயர் கெடவே இல்லை. ஜப்பானில் தெரியும் உங்களை. ஸ்பெயினில் உப்பைப் பற்றி எவன் எழுதினாலும் உங்களைச் சொல்லாமல் எழுத முடியாது. இந்தக் கரையின் உப்புப் பரலுக்குள் ஒரு துளி நீர் சிறைப்பட்டிருக்கும், அந்தத் துளிக்குள் அந்தச் சிவப்பு உயிர், குவியலில் வெயில் காய்ந்து மூட்டையில் கிடந்து எத்தனை காலம் ஆனாலும் செத்ததுபோல் கிடந்து சாகாமல் இருக்கும், நல்ல தண்ணீரும் சரியான உப்பும் கொடுத்தால் எழுந்து நிற்கும் என்று பார்த்துச் சொன்னவர் நீங்கள். பார்த்தவள் பாதங்களில் உப்பு அரித்த புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே பஸ் ஏறினவள். உங்கள் கம்பெனி பஸ்தான். டிக்கெட் எடுத்துத்தான் ஏறினாள்.

எப்படி ஆயிற்று இது? யார் செய்த சதி என்று யோசித்துப் பார்த்தால் சதியே இல்லை, அதுதான் ஆத்திரம். ஒரு வில்லன் இருந்தால் சௌகரியமாகத் திட்டலாம். துறை அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற அம்மாள் இருந்தார், நெற்றியில் விபூதியும் மேஜையில் துளசி இலையுமாக, பரம சாது. பத்திரிகை அனுப்பின தாளில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். கையெழுத்துப் படியில் எஸ். மங்கையர்க்கரசி. கட்டத்தில் என்ன போடுவது? எஸ் என்றால் என்னம்மா என்று கேட்டார், சங்கரலிங்கம் என்று மங்கை சொன்னாள், அதைக் கட்டத்தில் அடித்தார். இனிஷியலை விரித்து எழுதுவது மரியாதை என்று நினைக்கிற ஊர் இது. கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தானே. நன்றாகத்தான் இருக்கு என்று மங்கையே சொல்லியிருப்பாள். ஊரில் அப்பா ஒற்றை எழுத்து, மகள் முழுப்பெயர். கடலைத் தாண்டியதும் அப்பா முழுப்பெயர், மகள் ஒற்றை எழுத்து. எங்கே நடந்தது அந்தக் குட்டிக்கரணம், ஏடனுக்கும் சூயஸுக்கும் நடுவில் எங்கேயோ, விமானமாக இருந்தால் மேகத்துக்குள் எங்கேயோ. பொற்கொடிக்கும் நடந்ததுதான். நார்வேயில் இருந்த காலமெல்லாம் அவள் டாக்டர் வேலாயுதம். ஆய்வகக் கதவில் வேலாயுதம், தபால் பெட்டியில் வேலாயுதம், பனிக்காலத்தில் பல் டாக்டரிடம் போனால் உள்ளேயிருந்து வேலாயுதம் என்று கூப்பிடுவார்கள், அப்பா எங்கோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி அவள் திரும்பிப் பார்ப்பாள். அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். அப்பா அவளைச் சைக்கிளில் முன்னால் வைத்துக் கல்லூரி விண்ணப்பம் வாங்கக் கூட்டிப்போனவர், அவர் பெயர் பனியில் கூட நடந்துவந்ததில் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அப்படியானால் இப்போது என்ன கோபம்? நல்ல அப்பாவுக்கு ஒரு விதி, கெட்ட அப்பாவுக்கு ஒரு விதியா என்று கேட்டால்? கேட்கட்டும். ஆமாம், அப்படித்தான். இல்லை, அப்படியில்லை. நல்ல அப்பா என்றாலும் அந்தத் தட்டுகளில் ஊற்றியது அவர் கையில்லையே. அவளே ஊற்றினாள். அப்பா செத்தபிறகும் பதினெட்டுக் கட்டுரை எழுதினாராக்கும்! இந்த நினைப்பு வந்ததும் பொற்கொடிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, வந்த சிரிப்பு பாதியில் கசந்தது. பிளாஸ்கிலிருந்து ஊற்றிவைத்த டீயின் மேல் ஆடை படிந்து சுருங்கியிருந்தது. ஜன்னல் கம்பியில் துரு. இந்த ஊரில் எதைத் தொட்டாலும் துருவும் உப்பும். சாய்வெழுத்தும் அரைப்புள்ளியும் துருப்பிடிப்பதில்லை, அவை மட்டும் பளபளவென்று நிற்கின்றன.

கைபேசியை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். மங்கையைக் கூப்பிட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும், அதனாலேயே கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, பிறகு மூச்சுவாங்கலோடு, "ஏட்டி, அடுப்புல பால் வெச்சிருக்கேன், சீக்கிரம் சொல்லு" என்றாள் மங்கை. பின்னால் அந்தக் குரல், கிழிந்த தகரம் மாதிரி: "யாருட்டி போன்ல? எனக்கா?" அந்த வீட்டில் எந்த மணி அடித்தாலும் அவருக்குத்தான். டெலிபோன் இலாகா அவருக்காகவே கம்பி இழுத்த காலத்திலிருந்து அப்படி. மங்கை போனைப் பொத்தாமலே கத்தினாள்: "ஆமாப்பா, உங்களுக்குத்தான். ஜப்பான்லேர்ந்து. நீங்க எழுதுன கட்டுரைல ஒரு சந்தேகமாம்." அவர் என்னமோ முனகினார். "பாத்தியா, பாலைக் குடிச்சிட்டுப் பேசுதேன்னு சொல்லுதாவ, எங்க விஞ்ஞானி." சிரித்தாள். இதை எப்படிச் சிரிக்கிறாள் இவள்? கல்யாணம் ஆகி, கரூரில் ஜவுளிக் கடைக்காரன் வீட்டில் பாதி ஆயுளைத் துணி மடித்தே தீர்த்து, அவன் செத்துப்போன பிறகு திரும்பிவந்து, பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டு, இப்போது இந்த வயதில், யாரும் சொல்லாமல் தானாகவே, பொற்கொடியிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல், முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிய விண்ணப்பம் போட்டவள். பிரசுரமான ஆய்வு ஒன்றாவது வேண்டும் என்று விதி. இருக்கிறதே, உலகமே சொல்கிற ஒன்று. இணைத்தாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள்: கட்டுரை விண்ணப்பதாரர் பெயரில் இல்லை. "அந்த ஆபீஸ் பையன் நல்ல பையன்ட்டி. அம்மா, இது வேற யாரோ சங்கரலிங்கம்னு போட்டிருக்கே, உங்களுக்கு உறவான்னு கேட்டான். ஆமாப்பா, தூரத்து உறவுன்னேன்." இதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தக் கட்டுரையை அன்றைக்கு வெளியிட்ட பத்திரிகைக்கே எழுதிக் கேட்டாயிற்று, பெயரைத் திருத்துங்கள் என்று. திருத்தலாம், தாராளமாக, ஆனால் பதிவில் உள்ள ஆசிரியர் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும் என்று பதில். பதிவில் உள்ள ஆசிரியர் யார்? சங்கரலிங்கம். "அப்பாகிட்டப் போயி, நான் விஞ்ஞானி இல்லைன்னு எழுதிக் குடுங்கன்னு கேட்டா, அதைச் சொல்ல நீ யாருட்டீம்பாவ. அவியளைத் தெரியாதா? எதையும் விட்டுக் குடுத்த ஆளா?" பொற்கொடி, "இன்னிக்கு என் கட்டுரையில உன் பேரைப் போடப் பாக்கேன். அச்சில வந்துட்டா அதை வெட்டி விண்ணப்பத்தோட வை" என்றாள். அந்தப் பக்கம் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சீற்றம் கேட்டது. "போச்சு, பொங்கிருச்சு. உம் பேரைக் கெடுத்துக்கிடாதட்டி எனக்காக. இருக்கட்டும். இத்தனை நாள் இருந்தாச்சுல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். இத்தனை நாள் இருந்தாச்சு. பரலுக்குள் ஒரு துளி. இல்லை, இந்த உவமையெல்லாம் வேண்டாம், அவள் கிருமியில்லை, மனுஷி. உவமை சொல்லிச் சொல்லித்தான் மனுஷியைப் பொறுக்க வைக்கிறோம்.

மெய்ப்புக் கடிதத்தின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது, பூஜ்யம் நான்கு நான்கு என்று ஆரம்பிக்கிற சென்னை எண். பத்திரிகை எந்தக் கண்டத்துடையதாக இருந்தாலும் கோடு நீட்டுவதும் புள்ளி பொறுக்குவதும் கிண்டியில்தான் நடக்கிறது. எடுத்தவள் முதலில் சர்க்கரைத் தண்ணீர் ஆங்கிலத்தில் பேசினாள். தூத்துக்குடியிலிருந்து என்றதும், "சொல்லுங்க மேடம்" என்று இறங்கிவந்தாள். நிலோபர் என்று பெயர். தினம் பத்துப் பேரிடம் திட்டு வாங்கிப் பழகிய, அலுத்துப்போன, முப்பதுகளின் குரல். "பதினாலாவது ரெஃபரன்ஸ்ல பேரை மாத்தணும்மா. சங்கரலிங்கம்ங்கறதை எடுத்துட்டு மங்கையர்க்கரசி." விசைகளின் தடதடப்பு. "டேட்டாபேஸ்ல சங்கரலிங்கம்னுதான் இருக்கு மேடம். மாத்தினா லிங்க் அறுந்துடும். அறுந்தா சிஸ்டமே பழையபடி போட்டுக்கும்." பொற்கொடி பல்லைக் கடித்தாள். சிஸ்டம். சிஸ்டம் என்கிறவர் யார், அவருக்கு இனிஷியல் உண்டா? "சங்கரலிங்கம் அவங்க அப்பாம்மா." "தெரியும் மேடம்." "தெரியுமா?" "நம்ம ஊர்ப் பேர்னா முன்னாடி நிக்கிறது அப்பாதானே மேடம். இல்லேன்னா வீட்டுக்காரர். ஒரு நாளைக்கு எத்தனை அப்பாங்களை அகரவரிசையில அடுக்குறேன்னு உங்களுக்குத் தெரியாது. நான் மட்டும் கட்டுரை எழுதியிருந்தா அப்துல் கஃபூர் என். எழுதலை, பிழைச்சேன்." பொற்கொடி திரையில் பதினான்காவது வரிக்குத் திரும்பினாள். "நன்றியுரையில ஒரு வரி சேர்த்துடுங்களேன் மேடம், அதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள் நிலோபர், உதவுகிற தொனியில்தான். அங்கேதான் பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டது. "நன்றி சொல்ல அவ என்ன எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தாளா? கண்டுபிடிச்சவளுக்கு நன்றியுரையில இடமா? கிருமி பேரைச் சாய்ச்சு எழுதலைன்னா மூணு தடவை மெயில் அனுப்புறீங்க. கிருமிக்கு இருக்கிற மரியாதை அதைக் கண்ணால பாத்தவளுக்குக் கிடையாதா? ஒரு கோடு குட்டையா இருந்தா உங்க பத்திரிகை கெட்டுப்போகுது, ஒரு பொம்பளையே காணாமப் போனா கெட்டுப்போகலையா?" சொல்லி முடித்ததும் தன் குரலே அறைச் சுவரில் பட்டுத் திரும்பியது கேட்டது. யாரிடம் கத்துகிறோம், அப்துல் கஃபூர் என்.னிடமா? மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் நிலோபர் பேசினாள், முன்னைவிட மெதுவாக, பக்கத்து இருக்கையில் யாரோ இருக்கிற மாதிரி. "பட்டியல் எங்களுது மேடம். கட்டுரை உங்களுது. ஆனா கட்டுரைக்குள்ள ஒரு பேர் இருந்து, அந்தப் பேர் பட்டியல்ல இல்லேன்னா, நான் கேள்வி எழுப்பியே ஆகணும். அது ரூல்." "எழுப்பினா?" "நீங்க எழுத்துல பதில் சொல்லணும். ரெஃபரன்ஸ் விஷயம்னா எடிட்டர்கிட்ட எல்லாம் போகாது, பதில் தெளிவா இருந்தா நானே அடிக்குறிப்பாப் போட்டு அனுப்பிடுவேன்." "அப்ப கேளுங்களேன்." "இருந்தாத்தானே மேடம் கேக்க முடியும்" என்றாள் நிலோபர், வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டாள்.

இருந்தாத்தானே. பொற்கொடி கட்டுரையின் உடலுக்குப் போனாள், கீழே, விவாதப் பகுதியின் மூன்றாவது பத்திக்கு. அங்கே 'முந்தைய ஆய்வு ஒன்றில் காணப்பட்டுள்ளது' என்று இருந்தது, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் பதினான்கு. காணப்பட்டுள்ளது! யாரால்? தானாகக் காணப்பட்டதா, உப்பே எழுந்து நின்று என்னைப் பார் என்றதா? இப்படி எழுதினால்தான் விஞ்ஞானம் என்று அவளுக்கு இரண்டு பாஷையிலும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் தமிழில் சொன்னார்கள், வடக்கே பனியில் ஆங்கிலத்தில் சொன்னார்கள். ஆள் இருக்கக்கூடாது. கை இருக்கக்கூடாது. உப்புப் புண் இருக்கக்கூடாது. அந்த வாக்கியத்தை முழுசாகக் கறுப்பாக்கி அழித்தாள். அழித்த இடத்தில் நிலைகாட்டி மின்னி மின்னி நின்றது, ஆய்வக வாசலில் நிற்கிற ஆள் மாதிரி. உள்ளே வா, செருப்போடேயே வா. தட்டினாள். தூத்துக்குடி உப்பளங்களில் சேகரித்த பரல்களில் இதை முதன்முதலில் கண்டவர் மங்கையர்க்கரசி, பிறகு சதுர அடைப்பு, பதினான்கு. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வரியின் பாதியை அடைத்துக்கொண்டது. கணினி உடனே அதன் அடியில் சிவப்பில் நெளிந்த கோடு போட்டது, இப்படி ஒரு சொல் எனக்குத் தெரியாது என்று. தெரியாது, எப்படித் தெரியும். அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குங்குமமா என்று கேட்டாரே. விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேல் நின்றது, அப்போதுதான் பயம் வந்தது. துறைத்தலைவர் கேட்பார், ஏம்மா வந்த கட்டுரையை வம்பில் மாட்டினாய் என்று. தரப்பட்டியலில் மேலே இருக்கிற பத்திரிகை, கல்லூரிக்கு வேண்டும், எல்லோருக்கும் வேண்டும். பதில் தெளிவாக இல்லை என்று வாக்கியத்தையே தூக்கிவிட்டால்? பொருந்தாத மேற்கோள் என்று பதினான்கையே எடுத்துவிட்டால்? அப்போது எம் என்ற அந்த ஒற்றை எழுத்தும் போகும். இருப்பதும் போகும். அவளுக்கென்று உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு எழுத்துத்தான், அதைப் பணயம் வைக்க நீ யார்? உனக்கென்ன, உன்னிடம் கட்டுரை நிறைய, எல்லாம் வேலாயுதம் பெயரில் பத்திரமாக. ஜன்னல் வழியாகக் காற்று வந்து மேஜையின் தாள்களைத் தூக்கியது, அவள் முழங்கையால் அழுத்திக்கொண்டாள், முழங்கையை அழுத்தின வேகத்திலோ, கோபத்திலோ, இரண்டும் சேர்ந்தோ, விரல் இறங்கிவிட்டது. திருத்தங்கள் பெறப்பட்டன, நன்றி, டாக்டர் வேலாயுதம் என்றது திரை.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை, அதனால் ஆடை படிந்த டீயைக் குடித்தாள். நாக்கில் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது, வெளியே பையன்கள் பைக்கை உதைத்துக்கொண்டு கிளம்பினார்கள், வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்து அவள் செருப்பைத் தொட்டது. நிலோபர் வீட்டுக்குப் போயிருப்பாள். பார்க்காமலே அனுப்பிவிட்டிருப்பாள், சிஸ்டம் தானே சரிசெய்துகொண்டிருக்கும், சிஸ்டத்துக்கு என்ன, அது குடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நிப்பாட்டிக்கிடுவோம் சார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும். கணினி மெல்ல ஒலித்தது. ஒரே ஒரு கேள்வி வந்திருந்தது, மஞ்சள் கட்டத்துக்குள், மற்ற கேள்விகள் எப்போதும் வருகிற அதே உணர்ச்சியில்லாத எழுத்தில்: உரையில் குறிப்பிடப்படும் மங்கையர்க்கரசி என்பவர் மேற்கோள் பட்டியலில் இல்லை. இவர் யார்? தயவுசெய்து தெளிவுபடுத்தவும். அடியில் பதில் எழுத ஒரு வெள்ளைக் கட்டம். பொற்கொடி இரண்டாவது வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கரூரில் கேட்கவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பினவர்கள் கேட்கவில்லை, உறவா என்றுதான் கேட்டார்கள். மதிப்பிட்ட மகானுபாவர் கேட்கவில்லை, அவருக்கு எல்லாம் தெரியும். அலுத்த குரலில் கிண்டியிலிருந்து ஒருத்தி கேட்டுவிட்டாள். விசைப்பலகையில் கையை வைத்தவள் எடுத்துவிட்டாள். இதற்கு நான் எழுதினால் மறுபடியும் வேலாயுதம் சொன்ன சாட்சியாகத்தானே போகும். கைபேசியை எடுத்தாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தாள் மங்கை, பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மாதிரி. "ஏட்டி, கேக்காவ." "யாரு கேக்கா? என்னத்த?" "பத்திரிகையிலேர்ந்து. மங்கையர்க்கரசி யாருன்னு கேக்காவ. எழுத்துல கேட்டிருக்காவ. நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லு. சொல்லச் சொல்ல நான் தட்டுதேன்." அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கிற ஓசை. தொண்டையைச் செருமினாள், பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்று செருமுவாளே, அப்படி. "எழுதிக்கோ. அந்தப் பரலு எல்லாம்..." என்று ஆரம்பித்தாள், அதற்குள் பின்னாலிருந்து அந்தத் தகரக் குரல் குறுக்கே விழுந்தது: "யாருட்டி அது? எனக்கா?" பொற்கொடி விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி காத்திருந்தாள். ஜப்பான் வரும், விஞ்ஞானி வருவார், சிரிப்பு வரும் என்று.

"இல்லப்பா," என்றாள் மங்கை. "எனக்கு."